எஞ்சினை ரேஸ் பண்ணினால் ஸ்பீக்கரில் இரைச்சல் ஏறுகிறது. பில்டர் போட்டால் சரியாகுமா?

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவு: திருகோணமலையில் ஓடும் பழைய ஜப்பான் கார், டிக்கியில் புதிதாக நாலு சேனல் அம்ப் (பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி). எஞ்சின் நிற்கும்போது பாட்டு சுத்தம். ஸ்டார்ட் பண்ணி அக்சிலேட்டரை மிதித்தால் "ஙொய்ய்" என்று ஒரு இரைச்சல் கூடவே ஏறுகிறது. கடையில் பில்டர் (இரைச்சலை வடிகட்டும் சின்னக் கருவி) போடச் சொல்கிறார்கள்.

பில்டரை இப்போதைக்கு வாங்காதீர்கள். எஞ்சினோடு ஏறி இறங்கும் இரைச்சல் அல்டர்நேட்டரிலிருந்து (எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் பாகம்) வருவது உண்மைதான், ஆனால் அல்டர்நேட்டர் பழுது என்று அதற்கு அர்த்தமில்லை. பாட்டு செட்டின் எர்த் (மைனஸ் வயர் காரின் பொடியில், அதாவது உலோக உடலில், சேரும் இடம்) டாஷ்போர்டுக்குள் இருக்கிறது, அம்பின் எர்த் டிக்கியில் இருக்கிறது. இந்த இரண்டு இடத்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும், அது செட்டிலிருந்து அம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரின் வெளி உறை வழியாக ஓடிப் பாட்டோடு அம்புக்குள் நுழைந்துவிடும்.

முதலில் இரைச்சல் நுழையும் இடத்தைப் பிடியுங்கள். பழைய ஆர்.சி.ஏ. பிளக்குகளில் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒன்றாக ஈயம் வைத்துப் பற்ற வையுங்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அம்பில் செருகியிருக்கும் ஆர்.சி.ஏ. வயர்களைக் கழற்றி அந்த இடத்தில் இவற்றைச் செருகுங்கள். அம்பின் இன்புட்டில் மட்டும்தான். செட்டின் அவுட்புட்டில் செருகினால் செட் போய்விடும். இப்போது எஞ்சினை ஓட்டி ரேஸ் பண்ணுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் குற்றம் அம்பின் கரண்ட் வயரில், எர்த்தில், அல்லது பொடியில் உரசும் ஸ்பீக்கர் வயரில். இரைச்சல் நின்றுவிட்டால் அது செட், ஆர்.சி.ஏ. வயர், எர்த் வித்தியாசம் என்ற பக்கத்திலிருந்து வருகிறது. அந்த நிலையில் சார்ஜரில் போடாத ஒரு போனை நேரே அம்பில் கொடுத்துப் பாட்டுப் போடுங்கள். சுத்தமாக இருந்தால் அம்பை மாற்றச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

எந்தப் பக்கம் என்று வந்தாலும் எர்த்தை அளந்தே ஆகவேண்டும். நிலாவெளி, உப்புவெளி, டொக்யார்ட் பக்கம் நிற்கும் வாகனங்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். உப்புக் காற்று போல்ட்டுக்கும் ரிங் டெர்மினலுக்கும் (வயர் நுனியில் இருக்கும் வளையம்) இடையில் புகுந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும்; வெளியே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். மல்டிமீற்றரை டி.சி.யில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் மைனசிலும் மறுமுனையை அம்பின் எர்த் டெர்மினலிலும் பிடியுங்கள். முனை எட்டாவிட்டால் 5 மீற்றர் மெல்லிய வயரால் நீட்டலாம், அளவு மாறாது. எஞ்சின் ஓட, பாட்டு சத்தமாகப் போக, 0.1 வோல்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பற்றரி மைனசுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையிலும் இதேபோல் பாருங்கள். பழைய கார்களில் எஞ்சினிலிருந்து பொடிக்கு வரும் பின்னல் பட்டை உள்ளே இற்றுப்போயிருக்கும்.

எர்த்தைத் திருப்பிப் போடும்போது பற்றரி மைனசை முதலில் கழற்றுங்கள். பொடியில் காசளவு இடத்தில் பெயின்டைச் சுரண்டி வெறும் தகடு பளபளவென்று தெரியும்வரை தேயுங்கள். ரிங் டெர்மினல், பல் வைத்த வாஷர், நட், நல்ல இறுக்கு. இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அல்லது வாஸ்லின் பூசி மூடுங்கள். சுரண்டிய இடத்தைத் திறந்து விட்டால் அடுத்த வாடைக் காலத்துக்குள் துரு பிடிக்கும். வயர் 45 சென்ரிமீற்றருக்குள், பிளஸ் வயரின் அதே தடிப்பில் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்கு எடுக்கக் கூடாது. துளையிடுமுன் அடியில் பெற்றோல் குழாய் போகிறதா என்று குனிந்து பாருங்கள். வயரையும் ஒருமுறை சீவிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கடற்கரை ஊரில் அது நிலைக்காது; வெள்ளீயம் பூசிய செம்பு வயர் விலை கூடினாலும் வாங்கத் தகுந்தது.

எர்த் சரி, இரைச்சல் போகவில்லை என்றால் செட்டைக் கழற்றுங்கள். செட் ஓடும்போது ஆர்.சி.ஏ. வயரைச் செருகியோ கழற்றியோ இருந்தால், சில செட்டுகளில் ஆர்.சி.ஏ. எர்த்துக்கான மிகச் சின்னப் பியூஸ் உள்ளே எரிந்துவிடும். பிறகு வருவது இதே இரைச்சல்தான். செட்டை நிறுத்திவிட்டு ஆர்.சி.ஏ. வெளி வளையத்துக்கும் செட்டின் உலோகப் பெட்டிக்கும் இடையில் மீற்றரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். தொடர்பே காட்டாவிட்டால் அந்தப் பியூஸைச் சந்தேகியுங்கள். ஒரு துண்டு வயரால் இரண்டையும் தற்காலிகமாக இணைத்துப் பார்க்கும்போது இரைச்சல் நின்றால் அதுதான்.

ஆர்.சி.ஏ. வயரும் அம்பின் பிளஸ் வயரும் ஒரே பக்கக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடினால் பிரித்துப் போடுங்கள். அம்பின் கெயினையும் (உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகு) குறையுங்கள்: செட்டின் வொலியூமை முக்கால்வாசி வைத்து, தேவையான சத்தம் வந்த இடத்தில் நிறுத்துங்கள். கெயின் கூடினால் இரைச்சலும் பெருகும். எஞ்சின் நின்றாலும் கேட்கும் "ஸ்ஸ்" பெரும்பாலும் இதனால்தான்.

அல்டர்நேட்டரை இதற்குப் பிறகுதான் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் டி.சி. 13.8 முதல் 14.4 வரை இருப்பது வழக்கம். மீற்றரை ஏ.சி.க்கு மாற்றினால் 0.1 வோல்டுக்குள் நிற்க வேண்டும், 0.5 ஐத் தாண்டினால் அல்டர்நேட்டருக்குள் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோட் போயிருக்கும், அதைப் பில்டரால் மூடக் கூடாது. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் மெல்லியதாக மிஞ்சும் இரைச்சலுக்கு மட்டும் ஆர்.சி.ஏ. பாதையில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இரண்டு எர்த்துக்கும் நடுவிலான தொடர்பை வெட்டும் சின்னக் கருவி) போடலாம். மலிவானவை பாஸை (பாட்டின் கனத்த அடித்தொனியை)த் தின்றுவிடும்.

இரைச்சல் எப்.எம்.மில் மட்டும் வந்தால் மேலே சொன்ன எதையும் தொட வேண்டாம். பழைய ஜப்பான் ரேடியோக்கள் அந்நாட்டின் அப்போதைய 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குச் செய்தவை; நம் நிலையங்களைப் பிடிக்க அன்டெனா வயரில் எக்ஸ்பாண்டர் (நம் அலைவரிசையை அந்த ரேடியோ பிடிக்கும் அளவுக்கு இறக்கித் தரும் கருவி) போட்டிருப்பார்கள். அதன் எர்த் தளர்ந்தாலோ, பக்கத்தில் மலிவான எல்.ஈ.டி. ஹெட்லைட் அல்லது யூ.எஸ்.பி. சார்ஜர் இருந்தாலோ சீறும். ஒவ்வொன்றாகக் கழற்றி விட்டுக் கேளுங்கள், எதைக் கழற்றும்போது நிற்கிறதோ அதைத்தான் மாற்ற வேண்டும்.