ஓ-பேராகப் போகும் முன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. ஜெர்மன் குடும்பம் ஒன்றோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மொழி கற்கும் 'ஓ-பேர்' ஏற்பாட்டில் போக ஆசைப்படுகிறாள். கையில் ஏதாவது மிஞ்சுமா? (ஒரு தாய், திருச்சி)

பதில்: மிஞ்சாது. அந்தக் கணக்கோடு அனுப்பாதீர்கள். மாதம் 280 யூரோ கைச்செலவுக்குத் தருவார்கள். மொழி வகுப்புக்குத் தனியாக 70 யூரோ. தனி அறை, சாப்பாடு, மருத்துவ, விபத்துக் காப்பீடு எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. விமான டிக்கெட் பெரும்பாலும் உங்கள் செலவு. வகுப்புக் கட்டணம் 70 யூரோவைத் தாண்டினால் மீதியையும் அவளே கட்ட வேண்டும். குளிர்கால ஜாக்கெட், பூட்ஸ் வாங்கினாலே முதல் மாதப் பணம் கரைந்துவிடும்.

விண்ணப்பிக்கும்போது 18 வயது நிறைந்து, 27 வயது நிறையாமல் இருக்க வேண்டும். ஜெர்மன் மொழியில் ஏ1 (தொடக்க நிலை) தேர்ச்சி வேண்டும். தங்குவது குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் ஓராண்டு.

கேள்வி: ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் சித்தி வீட்டுக்கே ஓ-பேராகப் போகலாமா? (மதுரை வாசகி)

பதில்: முடியாது. சொந்தக்காரர் வீடு கூடாது. சொந்தமே இல்லாத தமிழ்க் குடும்பம் என்றாலும் சிக்கல்தான். வீட்டில் ஜெர்மன் பேச வேண்டும். அது அவர்களின் தாய்மொழி இல்லையென்றால், ஓ-பேர் அவர்களுடைய நாட்டிலிருந்தே வந்தவராக இருக்கக் கூடாது.

கேள்வி: சொன்னதைவிட அதிக வேலை வாங்குவார்களாமே? தட்டிக் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களா? (கோவை வாசகி)

பதில்: நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30. வரம்பு அவ்வளவுதான். பெற்றோர் இரவில் வெளியே போயிருக்க, குழந்தை தூங்கும் வீட்டில் நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதும் இதில் சேரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். உங்கள் அறையை நீங்களே பெருக்குவது சேராது. வாரத்தில் ஒன்றரை நாளும் நான்கு மாலைகளும் உங்களுடையவை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுசாக ஓய்வு. ஓராண்டு தங்கினால் நான்கு வாரம் விடுப்பு; அப்போதும் கைச்செலவுப் பணத்தைப் பிடிக்கக் கூடாது. வயதானவர்களைப் பராமரிப்பது ஓ-பேரின் வேலையே அல்ல.

வேலை கூடுவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல, யாரும் எழுதிவைக்காததால்தான். காலையில் அரை மணி, ராத்திரி ஒரு மணி என்று சேர்ந்துவிடும். முதல் வாரத்திலேயே ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டி, தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறியுங்கள். "இந்த வாரம் 34 ஆகிவிட்டது, அடுத்த வாரம் 4 குறைத்துக்கொள்ளலாமா?" என்று அட்டவணையைக் காட்டியே கேளுங்கள். அங்கே யாரும் இதைத் திமிராக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்று மாதம் வாய்மூடி இருந்துவிட்டு ஒருநாள் பொரிந்து தள்ளுவதுதான் உறவைக் கெடுக்கும்.

அப்படியும் ஒத்துவரவில்லையா? பெரும்பாலான ஒப்பந்தங்களை 14 நாள் முன்னறிவிப்போடு முடித்துக்கொள்ளலாம். வேறு குடும்பத்துக்கு மாறவும் வழி உண்டு. தங்கும் அனுமதியைக் கவனிக்கும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். புதிய குடும்பத்தோடு ஓராண்டில் மீதியுள்ள காலம் மட்டுமே கிடைக்கும். யாராவது கை வைத்தாலோ மிரட்டினாலோ 14 நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். உடனே வெளியேறுங்கள்: போலீஸ் 110, பெண்களுக்கான உதவி எண் 116 016. பாஸ்போர்ட் எப்போதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நம் சமையல் செய்ய விடுவார்களா? (சேலம் வாசகி)

பதில்: சமையலில் பிரச்சினை இல்லை, தாளிப்பில்தான். வாசனை திரைச்சீலையிலும் கோட்டிலும் ஏறிவிடும். சமையலறைக் கதவைச் சாத்தி, அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியைப் போட்டு, முடித்ததும் ஜன்னலை ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து வையுங்கள். குளிர்காலத்தில் நாள் முழுக்க லேசாகத் திறந்து வைத்தால் சுவர் குளிர்ந்து பூஞ்சை பிடிக்கும், சூடாக்கும் செலவும் ஏறும். குளித்த பிறகு குளியலறைக்கும் இதே கதைதான். இங்கிருந்து வாணலி கொண்டுபோவதானால் அடிப்பாகம் தட்டையாக இருக்கட்டும். இண்டக்‌ஷன் அடுப்பென்றால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள், ஒட்டாத பாத்திரம் சூடாகாது.

இரவு உணவு பல வீடுகளில் ரொட்டி, சீஸ், குளிர்ந்த இறைச்சிதான். சைவம் என்றால் முட்டை சாப்பிடுவீர்களா மாட்டீர்களா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.