சொந்த சர்வர் வைத்துக்கொண்டால் தனியுரிமை கிடைத்துவிடுமா? எதில் தொடங்கலாம்?

கேள்வி இதுதான்: "இலவசச் சேவைகளை நம்பாமல் படங்கள், கடவுச்சொற்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ள முடியுமா? எந்த மென்பொருளில் தொடங்குவது?"

முடியும். ஐந்தாறு வருடமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் கேள்வியில் "எல்லாவற்றையும்" என்று ஒரு சொல் இருக்கிறதே, அதில்தான் நானும் மாட்டினேன். ஒரு பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, முதல் மாதத்திலேயே பன்னிரண்டு மென்பொருள்களை ஓடவிட்டேன். மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக இறக்கி ஓடவிடும் டாக்கர் இருப்பதால் நிறுவுவது ஒரு வேலையே இல்லை. அப்டேட், பேக்கப், நள்ளிரவில் நின்றுபோனதை எழுப்பிவிடுவது, இதெல்லாம்தான் வேலை. இன்று அந்தப் பன்னிரண்டில் நாலுதான் மிஞ்சியிருக்கின்றன.

சர்வரே இல்லாமல் செய்யக்கூடியதில் தொடங்குங்கள். கடவுச்சொற்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி என்ற மென்பொருள். எல்லாம் குறியாக்கம் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய, ஒரே ஒரு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பை ஃபோனுக்கும் கணினிக்கும் இடையே சின்க்திங் என்ற மென்பொருள் ஒத்திசைத்துக்கொள்ளும். நடுவில் யாருடைய கிளவுடிலும் அது போய் உட்காராது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திருத்தினால் 'கான்ஃப்ளிக்ட்' என்று இன்னொரு கோப்பு முளைக்கும். பயப்பட வேண்டாம், இரண்டையும் இணைக்கும் வசதி கீபாஸ்எக்ஸ்சியிலேயே உண்டு. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இணையக் கடவுச்சொல் சேவையிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்கள் களவு போனபோது கடவுச்சொற்கள் குறியாக்கத்தில்தான் இருந்தன. ஆனால் எந்தெந்தத் தளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் அப்படியே வெளியே தெரிந்தன. கீபாஸ் கோப்பில் அதுவும் சேர்ந்தே பூட்டப்படும். மாஸ்டர் கடவுச்சொல் மட்டும் நீளமாக இருக்கட்டும்.

அடுத்தது வீடு முழுவதற்கும் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல். அதை ஓட்ட உள்ளங்கை அளவு கணினியான ராஸ்பெர்ரி பையே போதும். வீட்டில் உள்ள சாதனங்கள் எந்தத் தளத்தின் பெயரைத் தேடினாலும் அது பெரும்பாலும் இதன் வழியாகத்தான் போகும். விளம்பர, உளவு முகவரிகளுக்கு வழியை அடைத்துவிடும். முதல் நாள் இரவு அதன் லாக்கை (யார் எதைத் தேடினார்கள் என்ற பதிவை) திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் தூங்கியாயிற்று. ஸ்மார்ட் டிவி அணைந்துதான் இருக்கிறது. ஆனாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. தடுக்கப்பட்டவை ஒவ்வொரு வரியாகச் சிவப்பில் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்த பிறகு மனைவிக்குத் தனியாக எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதற்கு எல்லையும் உண்டு. வீடியோவும் விளம்பரமும் ஒரே முகவரியிலிருந்து வந்தால் இதனால் பிரிக்க முடியாது. அதற்கு உலாவியில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி வேண்டும். அப்புறம், பை-ஹோல் நின்றால் வீட்டில் நெட்டே நிற்கும். "அப்பா, நெட் போச்சு" என்ற குரல் வந்தால் நான் ரவுட்டரைப் பார்ப்பதில்லை, நேரே இதைத்தான் பார்க்கிறேன்.

வெளியிலிருந்து வீட்டு சர்வரை அணுகுவதில் ஒரு தவறு செய்தேன். ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை) திறந்துவிட்டு, ஒரு துணைமுகவரிக்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச சேவையில் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் வாங்கினேன். என் முகவரி யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பு. அப்படி வாங்கும் ஒவ்வொரு சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் ஏறும், அதை யாரும் படிக்கலாம். கொஞ்ச நேரத்திலேயே, என்னிடம் இல்லவே இல்லாத வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளின் லாகின் பக்கத்தைக் கேட்டு யார் யாரோ வரிசையாக வர ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கே மூடினேன். இப்போது வயர்கார்டு என்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் பூட்டிய தனி வழி) மட்டும்தான். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே பேசாது. அங்கே ஒரு கதவு இருப்பதே தட்டுபவருக்குத் தெரியாது. மார்ச் 2020இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து நேரே அணுகக்கூடிய தனிப் பொது ஐபி (இணைய எண்) உங்களுக்கு இல்லையென்றால், இதே வேலையைச் செய்யும் டெய்ல்ஸ்கேல் எளிது.

பெரிய சூடு பேக்கப்பில்தான் பட்டேன். குடும்பப் படங்கள் எல்லாம் என் சர்வரில் ஓடும் இம்மிச் என்ற பட மென்பொருளில் இருந்தன. தினமும் இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி ஓடி வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகல் எடுக்கும். எடுக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை கணினி ரீஸ்டார்ட் ஆனபோது அந்த டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அதாவது கணினியோடு இணையவில்லை. அது வந்து உட்கார வேண்டிய காலி ஃபோல்டர் மட்டும் அங்கே இருந்தது. ஆர்சிங்க் அதற்குள்ளேயே எழுதித் தள்ளியது. அசலும் நகலும் ஒரே டிஸ்கில்! நாலு மாதம் தினமும் காலையில் "வெற்றி" என்று செய்தி வேறு. இடம் தீர்ந்துபோய் சர்வர் முரண்டு பிடித்த பிறகுதான் கண்டுபிடித்தேன். டிஸ்க் நிரம்பியது என் அதிர்ஷ்டம். அது செத்துப்போயிருந்தால் மகளின் முதல் பிறந்தநாள் படம் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இப்போது ஸ்கிரிப்ட் முதலில் டிஸ்க் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் குறியாக்கம் செய்த இன்னொரு நகல் வேறொரு வீட்டுக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து பத்துப் படங்களை மீட்டுத் திறந்து பார்க்கிறேன்.

மின்னஞ்சல் சர்வர் மட்டும் வைக்காதீர்கள். கடிதம் போலி இல்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் அமைப்புகளையெல்லாம் ஒழுங்காகப் போட்டாலும் வீட்டு ஐபியிலிருந்து போகும் கடிதம் பெரும்பாலும் ஸ்பேமில்தான் விழும். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் எதிராளி ஜிமெயிலில்தானே படிக்கப்போகிறார்? அரட்டைக்கும் நான் சர்வர் வைக்கவில்லை, சிக்னல் செயலிதான். 2016இல் அமெரிக்காவில் ஒரு வழக்குக்காக இரண்டு ஃபோன் எண்களின் விவரங்களைக் கேட்டு சிக்னல் நிறுவனத்துக்கு உத்தரவு வந்தது. அவற்றில் ஒன்றுக்குத்தான் கணக்கே இருந்தது. கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இந்த இரண்டைத்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறெதுவும் அவர்களிடம் இல்லை. அப்படிப்பட்ட சேவை அடுத்தவர் சர்வரில் ஓடினாலும் எனக்குச் சரிதான்.

என் தம்பி தன் படங்களையும் என் இம்மிச்சில் ஏற்றலாமா என்று கேட்டான். அங்கே படங்கள் சர்வரில் சாதாரணக் கோப்புகளாகத்தான் கிடக்கும், அட்மினான நான் நினைத்தால் எதையும் திறந்து பார்க்கலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ வேண்டாம்ண்ணே" என்றான். நியாயம்தான். அவனுக்கு நான்தானே கூகுள்? என்டெ என்ற செயலியை நிறுவிக் கொடுத்தேன். அதில் படங்கள் ஃபோனிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியேறும், சர்வர் யாருடையதாக இருந்தாலும் பார்க்க முடியாது. மூன்றாவது மாதம் ஃபோன் மாற்றினான். கடவுச்சொல்லும் மறந்துவிட்டது, மீட்புச் சொற்களும் காணோம். "நீதானே போட்டுக் கொடுத்தே, திறந்து குடுண்ணே" என்று வந்து நின்றான். என்னால் முடியாது என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. நல்லவேளை, பழைய ஃபோனை இன்னும் துடைக்கவில்லை, அதில் லாகின் அப்படியே இருந்தது. முதல் வேலையாக அந்த 24 சொற்களையும் ஒரு தாளில் அவன் கையாலேயே எழுத வைத்தேன்.