கல் கூடினால் வாட்ச் ஒசத்தியா?

கேள்வி: முதல்முறையாக மெக்கானிக்கல் வாட்ச் வாங்கப் போகிறேன். டயலில் '25 ஜுவல்ஸ்', 'குரோனோகிராஃப்' என்று இருக்கிறது. விவரத்தாளில் 28,800, பவர் ரிசர்வ் 40 மணி நேரம். குரோனோகிராஃப் என்றால் துல்லியத்துக்குச் சான்றிதழ் பெற்றது என்கிறார் விற்பவர். நம்பலாமா? கல் கூடினால் தரமும் கூடுமா?

பதில்: முதலில் கல் கணக்கு. ஜுவல்ஸ் எனப்படும் இவை கடுகளவு செயற்கை மாணிக்கங்கள். தனியாக விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உலோக அச்சு உலோகக் குழிக்குள்ளேயே ஓயாமல் ஆடினால் தேய்ந்துவிடும் என்பதால், அந்த இடத்தில் கல்லைப் பதிக்கிறார்கள். கையால் சாவி கொடுக்கும் வாட்சுக்கு 17 தாராளம். முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் சக்கரத்தின் அச்சுக்கு 4, அதைத் தட்டிவிடும் இடத்தில் 1, சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் பேலட் என்ற நெம்புகோலின் இரண்டு நகங்களில் 2. மீதி 10, மற்ற ஐந்து அச்சுகளின் இரு முனைகளுக்கு. கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கில், அதற்காகச் சுழலும் ரோட்டரும் அதன் சக்கரங்களும் சேர்வதால் 21, 25 என்று ஏறும். குரோனோகிராஃபிலும் அப்படித்தான். ஆனால் 1960களில் 100 கல் வாட்சுகளும் வந்தன. அவற்றில் பெரும்பகுதி ரோட்டரைச் சுற்றிச் சும்மா உட்கார்ந்திருந்தவை!

28,800 என்பது ஒரு மணி நேரத்துக்கான துடிப்பு, அதாவது நொடிக்கு 8. நொடிமுள் வழுக்கிக்கொண்டு ஓடுவதுபோல் தெரிவது அதனால்தான். 21,600 இருந்தாலும் குறையில்லை. 40 மணி நேரம் என்றால், முழுச் சாவியில் வெள்ளி இரவு 8 மணிக்குக் கழற்றி வைத்த வாட்ச் ஞாயிறு நண்பகல் வாக்கில் நின்றுவிடும். திங்கள் காலை மணியைத் திருத்தத்தான் வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் விற்பவர் சொன்னது தவறு. குரோனோகிராஃப் என்றால் நிறுத்துகடிகாரம் உள்ள வாட்ச். பக்கவாட்டில் பொத்தான்கள் இருக்கும், அவ்வளவுதான். துல்லியச் சோதனையில் தேறியது குரோனோமீட்டர். சுவிஸ் சோதனையில் 15 நாள், 5 விதமாகத் திருப்பி, 3 வெப்பநிலைகளில் வைத்துப் பார்ப்பார்கள். சராசரியாக நாளுக்கு 4 நொடி பின்தங்கலாம், 6 நொடி முந்தலாம், தாண்டினால் தேறாது. இத்தனைக்கும் பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் வாட்சே மாதத்துக்குச் சுமார் 15 நொடிதான் பிசகும், அது வேறு கதை.

சரி, என்ன கேட்பது? 'நாளுக்கு எத்தனை நொடி பிசகும்?' என்று கேளுங்கள். விவரத்தாளிலேயே இருக்க வேண்டிய எண் அது. அப்புறம், நிறுத்துகடிகாரம் உங்களுக்கு நிஜமாகவே தேவையா? உள்ளே பாகங்கள் கூடுவதால் சர்வீஸ் செலவும் கூடும்.