ஃபிளக்ஸ் போகும் இடமெல்லாம் தண்ணீர் போகுமா?

கேள்வி: வீட்டிலேயே சிறிய சர்க்யூட் போர்டுகள் செய்கிறேன். பற்றவைக்கும்போது உலோகத்தின் மேல் படிந்த கறையை நீக்கி ஈயத்தைப் பிடிக்கச் செய்யத் தடவுவது ஃபிளக்ஸ். இதுவரை நான் பயன்படுத்தியது, கழுவாமல் விடக்கூடிய நோ-கிளீன் ஃபிளக்ஸ்தான். பழைய உதிரிகளின் கறுத்த கால்களில் ஈயம் பிடிக்காமல் உருண்டு நிற்கிறது. நீரில் கரையும் ஃபிளக்ஸுக்கு மாறச் சொல்கிறார் நண்பர். மாறலாமா?

பதில்: நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். கறுத்த கால்களில் அந்த ஃபிளக்ஸ் வேலை செய்வதை ஒருமுறை பார்த்தால் பழையதற்குத் திரும்ப மனம் வராது. ஈயம் அப்படிப் பரவும். அதிலுள்ள கரிம அமிலங்கள் அவ்வளவு வீரியமானவை. வேலை முடிந்த பிறகு அதே வீரியம் வினையாகிறது: எச்சம் காற்றின் ஈரத்தை இழுக்கும், மின்சாரத்தைக் கசியவிடும், செம்பை அரிக்கும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்த ஒரு டைமர் போர்டு. இந்த ஃபிளக்ஸால் பற்றவைத்து, வெந்நீரில் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். பளபளவென்று இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நான்கு மாதம் கழித்து ஒரு ஒயரைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மேலுறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் முழுக்கப் பச்சை. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஃபிளக்ஸ் இழைகளுக்கு நடுவே ஏறி உறைக்குள் தங்கியிருக்கிறது. அங்கே எந்தப் பிரஷ் போகும்? ரிலேயும் சீல் செய்யாத வகை. கழுவிய தண்ணீர் அதற்குள்ளும் புகுந்திருந்தது.

ஆகவே ரிலே, சுவிட்ச், டிரான்ஸ்ஃபார்மர், பல இழை ஒயர் இருக்கும் போர்டில் அது வேண்டாம். ஃபிளக்ஸ் போகும் இடமெல்லாம் தண்ணீர் போய்த் திரும்ப வேண்டும்.

நோ-கிளீன் என்ற பெயரையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். எச்சம் இருக்காது என்று அதற்குப் பொருள் இல்லை, இருந்தாலும் பாதகமில்லை என்பதுதான். முழுச் சூடு பட்டால்தான் அதுவும். சூடு பட்ட இடத்தில் அமிலத்தின் வீரியம் அடங்கி, மிச்சம் பிசினுக்குள் சிறைப்படுகிறது. தாராளமாக ஊற்றி, சால்டரிங் முனை எட்டாமல் ஓரத்தில் தேங்கிய திரவம் அடங்காமலே கிடக்கும். பஞ்சில் நாலு சொட்டு ஆல்கஹால் தொட்டு ஒப்புக்குத் துடைப்பது அதைவிட மோசம். பிசின் கலைந்து வெள்ளையாகப் படியும், அமிலம் வெளியே வரும். கழுவினால் முழுதாகக் கழுவுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள். மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) கணக்கில் மின்தடை உள்ள சர்க்யூட்டில் சிறு கசிவும் கெடுக்கும் என்பதால், அங்கே நோ-கிளீனையும் கழுவிவிடுவது என் வழக்கம்.

(ஒரு காலத்தில் போர்டுகளை சிஎஃப்சி-113 என்ற கரைப்பானில் கழுவினார்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து அதற்கு முடிவு கட்டத் தொடங்கிய பிறகுதான் கழுவாமல் விடும் ஃபிளக்ஸுக்கு மவுசு கூடியது.)

உங்கள் சிக்கல் கால்களில்தான் இருக்கிறது. போர்டில் பொருத்துமுன் அவற்றைப் பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால், நீரில் கரையும் ஃபிளக்ஸைக் காலில் மட்டும் தொட்டு ஈயம் பூசி, கழுவி, உலர்த்தி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கமான நோ-கிளீனிலேயே போர்டில் ஏற்றலாம்.

கேள்வி: நீரில் கரையும் ஃபிளக்ஸைக் கழுவக் குழாய்த் தண்ணீர் போதுமா?

பதில்: தேய்த்துக் கழுவப் போதும். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு போர்டில் தங்கக் கூடாது. பற்றவைத்த அன்றே கழுவுங்கள். பேட்டரி இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். ஐ.சி. சில்லுகளின் அடியில் ஈரம் ஒளிந்திருக்கும், நன்றாக உலரவிடுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம். ஈயக் கம்பியின் நடுவிலும் ஃபிளக்ஸ் உண்டு. பெரும்பாலும் பைன் மரப் பிசின் வகை. அது தண்ணீருக்கு அசையாது. வெளியே நீரில் கரைவதைத் தடவிவிட்டு இந்தக் கம்பியை உருக்கினால், எவ்வளவு கழுவினாலும் பிசுபிசுப்பு போகாது. கம்பியையும் நீரில் கரையும் வகையாகவே வாங்குங்கள், அல்லது நடுவில் ஒன்றும் இல்லாத கம்பியாக வாங்குங்கள்.