நாமினி யார் என்று கேட்க வந்தவர்

வணக்கம்.
அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். இனி சிகிச்சை பலிக்காது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒரு பெண் வந்தார். கடன் எவ்வளவு, வங்கியில் நாமினி யார், அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்கிறீர்களா, அப்பாவுக்கு நோய் தெரியுமா என்றெல்லாம் கேட்டார். எரிச்சலாகி அனுப்பிவிட்டோம். சாகக் கிடப்பவர் பக்கத்தில் இதெல்லாம் தேவையா?
– க., திருச்சி

அன்புள்ள க.,

உங்கள் எரிச்சல் புதிதல்ல. 1895-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை இந்த வேலைக்கு முதன்முதலாக ஆள் வைத்ததே, வசதியுள்ளவர்கள் இலவச சிகிச்சையில் நுழைந்துவிடாமல் பார்க்கத்தான். ஆல்மனர் என்று பெயர். கணக்குக் கேட்க வந்த ஆள் என்றால் யாருக்குப் பிடிக்கும்?

ஆனால் சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் முறையையே மாற்றிய சிசிலி சாண்டர்ஸும் ஆல்மனராக இருந்தவர்தான். முதுகுவலியால் நர்ஸ் வேலையை விட்டு இதற்கு வந்தார். டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூத அகதி, நாற்பது வயது, புற்றுநோய், கிட்டத்தில் சொந்தம் என்று யாருமில்லை. அவரோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான் சாகப்போகிறவர்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது. 1948-ல் இறந்தபோது டாஸ்மா அதற்காக 500 பவுண்டு விட்டுப்போனார். பிறகு சாண்டர்ஸ் மருத்துவமும் படித்து, 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்ற அந்த இடத்தைத் தொடங்கினார். வலி உடம்போடு நிற்பதில்லை, குடும்பத்திலும் பணத்திலும் மனசிலும் இருக்கிறது என்றார். வெறும் டாக்டராக இருந்திருந்தால் இது தோன்றியிருக்குமா, சந்தேகம்தான்.

சரி, உங்கள் விஷயம். நாமினி இல்லாவிட்டால் அம்மாதான் பின்னால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் அலைய வேண்டும். இப்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை. கடன் கவலையில் தூங்காதவருக்கு மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போய் என்ன பயன்?

அப்பாவுக்கு நோய் தெரியுமா என்று அவர் கேட்டதுதான் கஷ்டமானது. நீங்கள் மறைப்பதில் பாதி அப்பாவுக்கே தெரிந்திருக்கும். வென்டிலேட்டர் வேண்டுமா, வீட்டுக்குப் போகணுமா என்று அவரிடம்தானே கேட்க வேண்டும்? அதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்று 2023-ல் எளிதாக்கியது. ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்கு இதையெல்லாம் பேச நேரம் ஏது?

இத்தனையையும் அந்தப் பணியாளர் கட்டில் ஓரத்தில் நின்று, அப்பா காதுபடக் கேட்டிருந்தால் அது தப்பு. தனியாக அழைத்துத்தான் கேட்டிருக்க வேண்டும். அதைச் சொல்லியே திரும்பக் கூப்பிடுங்கள். அப்பாவை வீட்டுக்கு அழைத்துப்போவதானால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதியில் யாரைக் கேட்பது என்பதை அவரிடமே விசாரித்துக்கொள்ளுங்கள்.