கணினிக் கேள்வி – பதில்: எடை கூடிய எஸ்விஜி

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் டிசைன்களை போட்டோ எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ட்ரேஸ் செய்து (போட்டோவைக் கோட்டுப் படமாக மாற்றி) எஸ்விஜி ஃபைல் ஆக்கினோம். ஒவ்வொன்றும் 400 கேபிக்கு மேல் வருகிறது. வெப்சைட்டில் 60 டிசைன் போட வேண்டும். எப்படிக் குறைப்பது? – வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் ஒரு ஃபைலை நோட்பேடில் திறந்து 'டேட்டா இமேஜ்' என்று தொடங்கும் நீளமான எழுத்துக்குவியல் இருக்கிறதா பாருங்கள். ட்ரேஸ் செய்த பிறகும் அசல் போட்டோ கோட்டுப் படத்துக்கு அடியிலேயே கிடக்கும். பலரும் அதை நீக்க மறந்துவிடுகிறார்கள். எழுத்தாக மாறி உட்கார்ந்த போட்டோ, தன் அளவைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் பிடிக்கும். சுருக்கும் டூல்கள் பொதுவாக அதைத் தொடாது, நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

அடுத்தது, வளைவுகளைத் தாங்கும் புள்ளிகள். போட்டோவில் உள்ள சிமென்ட் சொரசொரப்பைக்கூட ட்ரேஸ் வளைவாக்கி வைத்திருக்கும். கண்ட்ரோல் எல் அழுத்தினால் புள்ளிகள் குறையும். நாலு மூலையும் ஒரே பூ என்றால் ஒரு மூலையை மட்டும் வரைந்து, ஆல்ட் டி கொடுத்து குளோன் எடுத்துத் திருப்பி வையுங்கள். இதில் நல்ல லாபம் கிடைக்கும்.

அதன் பிறகுதான் எஸ்விஜி ஃபைலைச் சுருக்கும் எஸ்விஜிஓ டூல். நோட் ஜேஎஸ் இருந்தால் 'என்பிஎம் இன்ஸ்டால் -ஜி எஸ்விஜிஓ' என்று நிறுவிவிடலாம். ஃபோல்டர் மொத்தத்துக்கும்: 'எஸ்விஜிஓ -எஃப் அசல் -ஓ புதுசு --மல்டிபாஸ்' (எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில்; 'அசல்', 'புதுசு' என்பவை ஃபோல்டர் பெயர்கள்). '-ஓ' விட்டுப்போனால் அசல் ஃபைல் மேலேயே எழுதிவிடும், ஜாக்கிரதை. இங்க்ஸ்கேப் தனக்காக எழுதி வைத்த குறிப்புகள் போய்விடும், 104.83729184 என்ற எண் 104.837 ஆகும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

கேள்வி: கண்டாங்கிச் சேலைக் கடைக்கு 24-க்கு 24 அளவில் ஐகான் வரைந்தோம். எஸ்விஜிஓவில், எத்தனை தசம இலக்கம் வேண்டும் என்று சொல்லும் '-பி'யை '-பி 0' என்று கொடுத்ததும் வளைவெல்லாம் முறுக்கிக்கொண்டது. – வாசகி, தேவகோட்டை

பதில்: உங்கள் வியூபாக்ஸ் (படத்துக்குள் இருக்கும் கட்ட அளவு) 24-க்கு 24. தசமமே வேண்டாம் என்றால் ஒவ்வொரு புள்ளியும் அருகிலுள்ள முழு எண்ணுக்குத் தாவும். 24 கட்டத்துக்குள் வளைவு எப்படி நிற்கும்? 2 அல்லது 3 கொடுங்கள். வியூபாக்ஸ் 1000 இருக்கும் படத்துக்கு 1 போதும்.

கேள்வி: சுருக்கிய இரண்டு டைல்ஸ் படங்களை ஒரே வெப் பக்கத்தில் எஸ்விஜி 'கோட்' (code) ஆகவே ஒட்டினால், இரண்டாவதற்கு முதலாவதின் நிறம் வருகிறது. தனித்தனியே சரியாக இருக்கிறது. – வாசகர், பள்ளத்தூர்

பதில்: எஸ்விஜிஓ, படத்தின் பாகங்களுக்கு உள்ள ஐடி பெயர்களை 'ஏ', 'பி' என்று ஒற்றை எழுத்தாக்கிவிடும். இரண்டு படத்தின் கிரேடியன்ட்டுக்கும் (நிறக் கலவைக்கும்) பெயர் 'ஏ' என்றால் பிரவுசர் முதலில் கண்டதையே எடுத்துக்கொள்ளும். எஸ்விஜிஓவின் அமைப்புகளை எழுதும் கான்ஃபிக் ஃபைலில் 'ப்ரீசெட் டீஃபால்ட்'டுக்கு அடுத்து 'ப்ரிஃபிக்ஸ் ஐடிஸ்' சேருங்கள். ஒவ்வொரு ஐடிக்கும் ஃபைல் பெயர் முன்னால் ஒட்டிக்கொள்ளும். கோட் ஒட்டாமல் இமேஜ் டேகில் படமாகக் கொடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

எஸ்விஜிஓவின் பதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். 3 வரையிலான பதிப்புகள் வியூபாக்ஸையே நீக்கிவிடக்கூடும். மொபைலில் டைல்ஸ் சுருங்காமல் ஓரம் வெட்டுப்பட்டு நிற்கும். 4-இல் அது நிறுத்தப்பட்டுவிட்டது.