அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மாணவர் செய்தித்தாள், வானொலி, ஆண்டு மலரை மேற்பார்வை செய்பவருக்கு என்ன வேலை? எல்லாவற்றையும் முன்பே படித்துத் திருத்துவாரா?

மத்திய மேற்கு அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒன்பது ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தேன். வாரம் இருமுறை வரும் செய்தித்தாள், நாள் முழுக்க ஓடும் எஃப்எம் நிலையம், ஆண்டுக்கொரு மலர். மூன்றிலும் சேர்த்து நூறு மாணவர்களுக்கு மேல் இருப்பார்கள். சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளை அச்சுக்கு முன் நான் படித்ததில்லை. நூலக வாசலில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, எல்லா மாணவர்களையும் போல வெளிவந்த பிறகுதான் படிப்பேன். சிவப்பு மையில் குறித்து வைத்து மறுநாள் மதியம் பத்திரிகையின் மாணவ ஆசிரியர் குழுவோடு உட்கார்ந்து பேசுவோம். எது நன்றாக வந்தது, எந்தத் தலைப்பு செய்தியைத் தாண்டிப் போய்விட்டது, யாரிடம் பேசாமல் விட்டார்கள் என்று பக்கம் பக்கமாகப் பார்ப்போம்.

மதுரையில் நான் படித்த காலத்தில் கல்லூரி மலர் என்றால் முதல்வர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சகத்துக்குப் போகும். அதனால் இந்த வேலைக்கு வந்த முதல் மாதம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாம் கணினியில் எனக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது, ஆனால் திறந்து பார்க்கக் கூடாது. காரணம் புரிந்த பிறகுதான் மனது சமாதானமானது. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அது அரசாங்கத்தின் ஓர் அங்கம். மாணவர் ஆசிரியர் எழுதுவதை அது நிறுத்தினால், அரசாங்கமே பத்திரிகையை நிறுத்திய கணக்கு. அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அதற்கு இடம் தருவதில்லை. அப்புறம், நான் படித்துச் சரி என்று சொல்லிவிட்டால் அந்த வரிக்கு நானும் பொறுப்பு, எனக்குச் சம்பளம் தரும் பல்கலைக்கழகமும் பொறுப்பு. நாளைக்கு அவதூறு வழக்கு வந்தால் மாணவரோடு நிற்காது. ஒதுங்கி நிற்பதுதான் பல்கலைக்கழகத்துக்கே பாதுகாப்பு என்பதைப் புதிதாக வரும் ஒவ்வொரு துணைவேந்தருக்கும், ஒவ்வொரு டீனுக்கும் உட்கார்ந்து விளக்குவேன். வேலையில் பாதி அதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, படிக்க மாட்டீர்கள் என்றால் பிறகு என்னதான் செய்வீர்கள் என்று கேட்பீர்கள். ஓர் இரவைச் சொல்கிறேன்.

பெற்றோர் வளாகத்துக்கு வரும் வார இறுதி நெருங்கிக்கொண்டிருந்தது. முதன்மை உணவுக்கூடத்தின் சுகாதாரச் சோதனை அறிக்கை, மாவட்ட அலுவலகத்தில் யார் கேட்டாலும் தரக்கூடிய ஆவணம், எங்கள் மாணவ நிருபர் ஒருத்தியின் கையில் கிடைத்துவிட்டது. படிக்க நன்றாக இல்லை. உணவுக்கூடத்தின் தரப்பைக் கேட்டு அவள் மின்னஞ்சல் அனுப்பியதும் அங்கிருந்து என் மேலதிகாரிக்கு போன் போயிருக்கிறது. அவர் என்னைக் கூப்பிட்டு, "திங்கட்கிழமை போட்டால் ஆகாதா?" என்று கேட்டார். முடிவு என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு, அப்படி ஒரு போன் வந்ததைப் பத்திரிகையின் மாணவ ஆசிரியரிடம் அப்படியே சொன்னேன். மறைத்தால் அதுவும் ஒரு வகைத் தணிக்கைதானே. அந்த ஆசிரியருக்கு இருபது வயது. இரவு 11:40-க்கு என்னை போனில் கூப்பிட்டு, "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதைப் போலக் கடினமானது இந்த வேலையில் வேறில்லை. என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும், என் வாயில் இருந்து வந்தால் அவள் அதைத்தான் செய்வாள் என்றும் தெரியும். அதனால் கேள்விகளாகவே கேட்டேன். அறிக்கையை நீயே பார்த்தாயா, இல்லை நிருபர் சொன்னதை வைத்துப் பேசுகிறாயா? அவர்கள் பதில் சொல்ல எத்தனை மணி நேரம் கொடுத்தாய்? இந்தச் செய்தியை அந்தச் சமையலறையில் வேலை பார்க்கும் ஒருவர் முன்னால் நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னால் எந்த வரியில் உனக்கு நாக்குத் தடுமாறும்?

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு அந்த வரியை அவளே சொன்னாள். சமையலறை முழுக்க எலி என்று எழுதியிருந்தார்கள். அறிக்கையில் இருந்ததோ, ஒரு சரக்கறையில் எலிப் புழுக்கை காணப்பட்டது என்பது மட்டும். மாற்றினாள். சட்டச் சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள் என்று மாணவர் பத்திரிகைச் சட்ட மையத்தின் எண்ணையும் கொடுத்தேன். 1974-ல் தொடங்கிய அமைப்பு அது, மாணவப் பத்திரிகையாளர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. செய்தி வெள்ளிக்கிழமையே வந்தது. ஒரு எண்ணில்கூடத் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. 2025 அக்டோபரில் இந்தியானா பல்கலைக்கழகம் அதன் மாணவர் ஊடக இயக்குநர் ஜிம் ரோடன்புஷை வேலையிலிருந்து நீக்கியது. 1867-ல் தொடங்கிய பத்திரிகை அங்கே இருக்கிறது. பழைய மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்பி வரும் ஹோம்கமிங் விழாவுக்கான அச்சுப் பதிப்பில் விழாத் தகவல்களைத் தவிரச் செய்தி எதுவும் இருக்கக் கூடாது என்று நிர்வாகம் சொன்னதாகவும், மாணவர்களிடம் அதைத் திணிக்க மறுத்ததால் தன்னை நீக்கியதாகவும் அவர் சொன்னார். நிர்வாகம் பணக் கணக்கைக் காரணமாகச் சொன்னது. அச்சுப் பதிப்பே நிறுத்தப்பட்டது. அப்போது பர்டூ பல்கலைக்கழக மாணவர்கள், விளையாட்டுக் களத்தில் ஜென்மப் போட்டியாளர்கள், ஒரு சிறப்பிதழ் அச்சடித்து இந்தியானா வளாகத்துக்கே கொண்டுவந்து பெட்டிகளில் வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அச்சடிக்க மறுபடி அனுமதி வந்தது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முழுக்கப் பிரிந்து போனவர்களும் உண்டு. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் 'அலிகேட்டர்' 1971-ல் கருக்கலைப்பு ஆலோசனை மையங்களின் பட்டியலை வெளியிட்டது. அன்றைக்கு அந்த மாநிலத்தில் அது சட்டப்படி குற்றம், ஆசிரியர் கைதானார். கடைசியில் 1973-ல் பத்திரிகை வளாகத்தை விட்டே வெளியேறித் தனி நிறுவனம் ஆனது. பிரிந்தால் சுதந்திரம் கிடைக்கும். வாடகை, அச்சுக்கூலி எல்லாம் தலையில் ஏறும்.

வானொலிக்கு வருவோம். இங்கே கதையே வேறு, புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் இடறுவதும் இங்கேதான். செய்தித்தாளுக்கு யாருடைய உரிமமும் வேண்டாம். வானொலிக்கு வேண்டும், உரிமம் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் பெயரில் இருக்கும். விதி மீறினால் எஃப்சிசி என்ற மத்திய ஆணையத்தின் கடிதம் மாணவருக்கு வராது, பல்கலைக்கழகத்துக்குத்தான் வரும். அதனால் பத்திரிகை விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நானே நிலையத்துக்குள் நுழைந்தால் பதிவேட்டைக் கையில் எடுப்பேன். ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் நிலையத்தின் அழைப்புக் குறியையும் ஊர்ப் பெயரையும் சொன்னார்களா? வாராந்தர அவசர எச்சரிக்கைச் சோதனை ஓடியதா, எழுதினார்களா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வட்டாரப் பிரச்சினைகள் பற்றி என்னென்ன நிகழ்ச்சி போட்டோம் என்ற பட்டியல், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுக் கோப்பில் ஏறியதா? கொச்சைச் சொற்கள் வரும் பாட்டு இரவு 10 மணிக்கு முன்னாலோ காலை 6 மணிக்குப் பின்னாலோ போனதா?

விளம்பர விஷயம் இன்னும் நுணுக்கம். எஃப்எம் பட்டையில் 88-லிருந்து 92 மெகாஹெர்ட்ஸ் வரை கல்வி நிலையங்களுக்கு ஒதுக்கியது, விளம்பரம் கூடாது. ஆதரவு தந்தவருக்கு நன்றி சொல்லலாம். பீட்சா கடையின் பெயரையும் தெருவையும் சொல்லலாம். "ஊரிலேயே சிறந்த பீட்சா, இன்றைக்குப் பாதி விலை, உடனே போங்க" என்று ஆர்ஜே உற்சாகத்தில் சொல்லிவிட்டால் ஒரே வாக்கியத்தில் மூன்று மீறல். 2013-ல் அயோவாவின் வில்லியம் பென் பல்கலைக்கழக வானொலிக்கு, பொதுக் கோப்பைச் சரியாக வைக்கவில்லை என்று வரவிருந்த 10,000 டாலர் அபராதத்தை ஆணையம் 2,500 ஆகக் குறைத்தது. மாணவர் நிலையங்களின் முதல் தவறுக்கு இப்படிச் சலுகை காட்டலாம் என்ற வழக்கம் அங்கிருந்துதான் வந்தது. நான் ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆர்ஜேக்களுக்கு முதல் வகுப்பில் சொல்வது இதைத்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஒப்பீடு. 2004-ல் தொடங்கிய அண்ணா எஃப்எம்தான் இந்தியாவின் முதல் வளாக வானொலி. இந்தியாவின் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப விதி இடம் தருவதில்லை. அமெரிக்க மாணவர் நிலையத்துக்கு அந்தத் தடை கிடையாது. எங்கள் பிள்ளைகள் நகர மன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து செய்தி எடுத்து மாலையில் வாசிப்பார்கள்.

ஒன்பது ஆண்டில் நான் ஒரே ஒரு முறைதான் ஒரு மாணவருக்கு நேரடியாக உத்தரவு போட்டேன். அதுவும் வானொலியில்தான். ஒரு ஏப்ரல் மாலை, சுழற்காற்று எச்சரிக்கை. சைரன் அலறுகிறது. நிலையம் மூன்றாவது மாடியில், ஒலிபரப்பு அறையில் முதலாண்டுப் பையன் ஒருவன் மட்டும். வானிலை மையத்திலிருந்து வரும் ஒவ்வொரு எச்சரிக்கையையும் எந்தத் தெரு, எந்தத் திசை என்று நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அடித்தளத்துக்கு வா என்று சைகை காட்டினேன், தலையை ஆட்டி மறுத்தான். பாட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாளாம், நகரத்துக்கு வெளியே டிரெய்லர் வீட்டில் இருக்கிறாளாம். கதவைத் திறந்து உள்ளே போய், "எழுந்திரு, இப்போதே கீழே வா" என்றேன். எச்சரிக்கைக் கருவி தானாகச் செய்தியைக் கடத்தும் என்பது அவனுக்கும் தெரியும். எழுந்து வந்தான், ஆனால் படியிறங்கும்போது போனில் பாட்டியைக் கூப்பிட்டு மிச்சத்தைப் படித்தான். காற்று ஊருக்கு வடக்கே போய்விட்டது. அவன் என்ன பேச வேண்டும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. உயிர் என்று வரும்போது மட்டும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

பணம் பற்றிச் சுருக்கமாக: மாணவர் கட்டணத்தில் ஒரு பங்கும் பத்திரிகை விளம்பரமும்தான் வருமானம். கட்டணத்தைப் பிரிப்பது மாணவர் பேரவை, அந்தப் பேரவையைப் பற்றிச் செய்தி எழுதுவது நம் பத்திரிகை. அதனால் வரவுசெலவுக் கூட்டத்துக்கு ஆசிரியரை அனுப்பாமல் நானே போவேன்.

அப்புறம், யாரும் எதிர்பார்க்காத ஒரு வேலை உண்டு. பழைய மாணவர்களின் மின்னஞ்சல்கள். பத்து ஆண்டுக்கு முன் குடித்துவிட்டு ஓட்டியதற்குக் கைதானேன், என் பெயரைத் தேடினால் உங்கள் செய்திதான் முதலில் வருகிறது, வேலை கிடைக்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று எழுதுவார்கள். படிக்கவே வேதனையாக இருக்கும். அதையும் மாணவர் குழுதான் முடிவு செய்யும். வழக்கு தள்ளுபடியானதற்கு ஆவணம் காட்டினால் செய்தியின் மேலேயே அதைச் சேர்ப்பது, எதையும் சத்தமில்லாமல் அழிக்காமல் இருப்பது என்று எங்கள் குழு ஒரு வழக்கம் வைத்திருந்தது.

ஆண்டு மலர். பல பல்கலைக்கழகங்கள் இதை நிறுத்திவிட்டன, பிள்ளைகள் படமெல்லாம் போனிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் இதற்காகவும் ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. 1994-ல் கென்டக்கி மாநிலப் பல்கலைக்கழக நிர்வாகம் அந்த ஆண்டு மலரை விநியோகிக்க விடாமல் பூட்டி வைத்தது. அட்டை ஊதா நிறம், அது பல்கலைக்கழக நிறம் இல்லை, கருப்பொருள் பொருத்தமில்லை, படங்களுக்குக் குறிப்பு இல்லை என்று காரணங்கள். மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அழகாக இல்லை என்பதற்காக ஒரு மலரைப் பறிமுதல் செய்ய முடியாது என்று அன்றிலிருந்து தைரியமாகச் சொல்ல முடிகிறது.

எனக்கு மலர் என்றதும் நினைவுக்கு வருவது வேறு. என் ஆறாவது ஆண்டு. புத்தகங்கள் அச்சகத்திலிருந்து வந்து இறங்கிய மறுநாள், முதுகலை படிக்கும் தமிழ்ப் பையன் ஒருவன் கையில் ஒரு பிரதியோடு என் அறை வாசலில் நின்றான். மற்ற மாணவர்கள் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவனுக்கு நான் அக்கா.

"அக்கா, எல்லாருக்கும் முதல் பேர் போட்டிருக்கு. எனக்கு மட்டும் தெரியாதுன்னு போட்டிருக்காங்க."

படத்துக்குக் கீழே "எஃப்என்யூ" என்று தொடங்கி அவன் பெயர். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் இந்த மூன்று எழுத்தைப் போடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பதிவாளர் அலுவலகப் பட்டியலை அப்படியே எடுத்துப் பக்கம் போட்டதில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. தேடிப் பார்த்தால் பதினான்கு பேர். இன்னொரு தமிழ்ப் பிள்ளைக்கு அப்பா பெயர் அவன் பெயராக ஏறியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக வகுப்பில் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்களாம். அவனும் திருத்தாமலே விட்டுவிட்டான்.

மலர் ஆசிரியர் அயோவா பண்ணைக் குடும்பத்துப் பெண். இனிஷியல் என்றால் என்ன, ஏன் சிலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று அவளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். பக்கங்களை மறுபடி அச்சடிக்கப் பணம் இல்லை. என்ன செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. அவள் பதினான்கு பேரையும் தேடிப்போய், உன் பெயர் எப்படி வர வேண்டும் என்று அவரவர் கையாலேயே எழுதி வாங்கினாள். ஒட்டுத்தாள் அச்சடித்தாள். அறுநூறு பிரதிகளிலும் மலர்க் குழு இரண்டு இரவு உட்கார்ந்து ஒட்டியது. நானும் போய் ஒட்டினேன். அடுத்த ஆண்டிலிருந்து பதிவாளர் பட்டியலை நம்பாமல் ஒவ்வொரு மாணவரிடமும் பெயரைக் கேட்டு வாங்கும் படிவம் வந்தது.

அன்றைக்கு வாசலில் வந்து நின்றவனுடைய பிரதி திருநெல்வேலியில் அவன் அம்மாவிடம் இருக்கிறதாம். என் பிரதி இங்கே அலமாரியில் இருக்கிறது. ஒட்டுத்தாள் லேசாக மஞ்சளாகியிருக்கிறது, இன்னும் உரியவில்லை.